ஈரறிவுயிரும் அதன் இடமும்

நம் இல்லங்களில் நாள்தோறும் நிகழும் செயல் ஒன்று உண்டு. அரிசி புடைக்கும்போது முறத்தில் வண்டு தென்பட்டால் அதனை நசுக்காமல் எடுத்து வாசலில் விடுகிறோம். குளியலறையில் பூரான் புகுந்தால் துடைப்பக்குச்சியால் தள்ளி, காகிதத்தில் ஏந்தி, வேலிக்கு அப்பால் கொண்டுபோய் விடுகிறோம். குழந்தைகளும் அதனைக் கண்டே பழகுகின்றன. கொல்லாமை என்னும் அணுவிரதத்தை இல்லறத்தார் கைக்கொள்ளும் எளிய முறை இது. இதில் ஐயுறுவதற்கு எதுவும் இல்லை என்றே பலரும் கருதுவர். ஆயினும், விட்ட இடத்தில் அவ்வுயிர் என்ன ஆகிறது என்றோ, அங்கு முன்பே வாழும் பிற உயிர்கள் அதனால் என்ன ஆகின்றன என்றோ நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. கையை விட்டு அகன்றதும் கடமை முடிந்தது எனத் திரும்பிவிடுகிறோம். அவ்வாறு திரும்பிவிடலாமா என்பதே ஈண்டு நாம் ஆராய விரும்பும் பொருள். அதற்கு நத்தையை எடுத்துக்கொள்வோம்.

நத்தையைப் பழந்தமிழர் நந்து என்றனர். தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை அறிவின் அளவால் வகுத்துச் சொல்லும் இடத்தில், நந்தினை ஈரறிவுயிர்களின் வரிசையில் வைக்கிறது. நம் சமய நூல்களும் சங்கு, சிப்பி முதலியவற்றோடு சேர்த்து அதனை மெய், நா என்னும் இரு பொறிகளை உடையதாகவே கொள்கின்றன. ஓரறிவுயிர்க்குப் பிராணன்கள் 4, ஈரறிவுயிர்க்கு 6. மெய்யுணர்வு, உடல்வலிமை, மூச்சு, ஆயுள் ஆகிய நான்கினோடு நாவுணர்வும் மொழிவலிமையும் சேர்கின்றன என்பது கணக்கு. நத்தைக்கு மொழிவலிமையா என்று இளையோர் நகைப்பதுண்டு. நம் நாட்டில் சில ஊர்களில் நத்தைக்கு ஊமச்சி என்றே பெயர் அன்றோ! ஆனால் பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளின் பழங்குடியினர், மரத்து நத்தைகள் காட்டில் பாடும் என்று தலைமுறை தலைமுறையாக நம்பி வந்தனர். அவ்வொலி சிள்வண்டு போன்ற பூச்சிகளுடையதாக இருக்கலாம் என்பர் ஆய்வாளர். இன்றைய உயிரியலார் நத்தைக்கு மணமறியும் ஆற்றலும், கொம்பின் நுனியில் ஒளியறியும் கண்ணும் உண்டென்று கூறுவர். பொறிகளின் எண்ணிக்கை பற்றி வழக்காடுவது நம் நோக்கமன்று. காலில் மிதிபடும் இச்சிறு உயிரையும் உயிர்களின் வரிசையில் ஓர் இடம் தந்து எண்ணினரே நம் முன்னோர், அதுவே நமக்குப் போதும்.

ஹவாய்க்குத் தெற்கே, நிலநடுக்கோட்டைக் கடந்து சென்றால், பிரெஞ்சுப் பொலினீசியாவைச் சேர்ந்த சொசைட்டி தீவுகள் இருக்கின்றன. தாகித்தி, மூரேயா, ராயாத்தேயா என்பன அவற்றுட் சில. எரிமலைகள் கக்கிய குழம்பு இறுகி உண்டான தீவுகள் ஆதலின், கூரிய மலைமுகடுகளும் அவற்றிடையே ஆழ்ந்த பள்ளத்தாக்குகளும் நிறைந்தவை. அங்கு பார்ட்டுலா என்னும் பேரினத்தைச் சேர்ந்த மரநத்தைகள் வாழ்ந்தன. நம் விரல்நுனி அளவே இருக்கும். பகலில் இலையின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு உறங்கி, இரவில் ஊர்ந்து, அழுகும் இலைகளையும் இலைமேற் படியும் பாசியையும் உண்ணும். பயிருக்கு அவற்றால் கேடு இல்லை. பெரும்பாலான நத்தைகளைப் போல முட்டையிட்டுப் பெருகுவனவும் அல்ல. முட்டை தாயின் உடலுக்குள்ளேயே பொரிந்து, ஓட்டோடு கூடிய ஒரு குட்டி, சில வாரங்களுக்கு ஒன்றாகப் பிறக்கும்.

ஒரு பள்ளத்தாக்கில் வாழ்பவை மறு பள்ளத்தாக்கிற்குச் செல்ல அரிதே முயன்றன. ஆதலால் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஓட்டின் நிறம் ஒரு விதம், வரி ஒரு விதம், வடிவம் ஒரு விதம் என வேறுபட்டன. நம்மவர் சங்கில் வலம்புரி, இடம்புரி என வேறுபாடு காண்கிறோம் அல்லவா? மூரேயாத் தீவின் ஒரு நத்தை இனத்தில் சில பகுதிகளில் வலம்புரியும் சில பகுதிகளில் இடம்புரியும் வாழ்ந்தன. அமெரிக்க உயிரியலாரான ஹென்றி கிராம்ப்டன் 1906ஆம் ஆண்டு தொடங்கித் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்நத்தைகளுக்கே செலவிட்டார். 80,000க்கும் மேற்பட்ட ஓடுகளைத் தம் கையாலேயே அளந்தார் என்பர். அவர்தம் பெருநூல்கள் 1917இலும் 1932இலும் வெளிவந்தன. உயிர்கள் எவ்வாறு படிப்படியாக வேறுபடுகின்றன என்று ஆராய்வோர்க்கு அந்தச் சிறு தீவுகள் ஒரு பெரும் ஏடாக விளங்கின. தீவின் பெண்டிர்க்கோ அந்நத்தை ஓடுகள் மாலை கோக்கும் மணிகள்.

இனி, மற்றொரு நத்தையின் கதையைச் சொல்லவேண்டும். அது நம் நாட்டின் வழியே சென்ற கதை. கிழக்கு ஆப்பிரிக்காவில் தோன்றிய பெருநத்தை ஒன்று உண்டு. நன்கு வளர்ந்தால் உள்ளங்கையை நிறைக்கும். ஒரே முறையில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். அது மொரீசியசை அடைந்திருந்தது. அங்கிருந்து பென்சன் என்னும் ஆங்கிலேயர், சிப்பி நத்தைகளில் ஆர்வம் மிக்கவர், 1847ஆம் ஆண்டில் அதனை உயிரோடு கல்கத்தாவுக்குக் கொணர்ந்தார். சவுரங்கிப் பகுதித் தோட்டம் ஒன்றில் அது விடப்பட்டது. கொல்லவில்லை, கூண்டில் அடைக்கவுமில்லை, பசுமையான தோட்டத்தில் விடப்பட்டது. ஜீவதயை என்று நாம் சொல்லும் செயலுக்கும் அதற்கும் புறத்தோற்றத்தில் என்ன வேறுபாடு? அவ்வாறு காலூன்றிய நத்தை வங்கத்தில் பெருகியது, இலங்கைக்குச் சென்றது, கிழக்காசிய நாடுகளுக்கும் பரவியது. சிலர் அழகுக்கென எடுத்துச் சென்றனர், சிலர் மருந்தென்றனர், சிலர் உணவென்றனர். தொட்டிச் செடிகளின் மண்ணோடு ஒருவரும் அறியாமலே சென்றதும் உண்டு. 1936இல் ஹவாயையும், 1967இல் தாகித்தியையும் அது அடைந்துவிட்டது.

பயிர்கள் அழிந்தன. உழவர் முறையிட்டனர். அவர்கள் துயரை நாம் குறைத்து எண்ணலாகாது. ஓர் இரவில் நாற்றங்காலை வெறும் தண்டாக்கிவிடும் ஆற்றல் அதற்கு உண்டு. அப்போது வேளாண் துறையினர்க்குத் தோன்றிய உபாயம், நத்தையை உண்ணும் நத்தையைக் கொணர்ந்து விடுவது. அமெரிக்காவின் புளோரிடாப் பகுதியில் ஓநாய் நத்தை எனப்படும் இளஞ்சிவப்பு ஓட்டு நத்தை வாழ்கிறது. மற்ற நத்தைகள் ஊர்ந்து சென்ற கோழைத்தடத்தை, வாயருகே மீசைபோல் நீண்ட உதடுகளால் தொட்டுச் சுவைத்துக்கொண்டே பின்தொடரும். மற்ற நத்தைகளினும் இருமடங்கு மும்மடங்கு விரைவாகச் செல்லும். மரத்திலும் ஏறும். ஹவாயில் அதனை 1955இல் விட்டனர், தாகித்தியில் 1974இல், மூரேயாவில் 1977இல்.

அதன் பின் நிகழ்ந்ததை அறிவியல் ஏடுகள் நாள் குறித்து வைத்திருக்கின்றன. ஓநாய் நத்தை பெருநத்தையைக் குறைத்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கையடக்கமான, மெல்லிய ஓடுடைய, தப்பியோட அறியாத மரநத்தைகளையே அது நாடியது. மூரேயாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் வீதம் அது பரவியதை பிரையன் கிளார்க், ஜேம்சு மர்ரே, மைக்கேல் ஜான்சன் ஆகிய ஆய்வாளர்கள் கண்டு, 1984இல் எச்சரித்து எழுதினர். அது சென்ற பள்ளத்தாக்குகளில் பார்ட்டுலா இல்லை. செல்லாத பள்ளத்தாக்குகளில் இருந்தது. 1987ஆம் ஆண்டிற்குள் மூரேயாவில் வாழ்ந்த 7 பார்ட்டுலா இனங்களும் காட்டினின்று மறைந்தன. விட்ட நாள் முதல் பத்தே ஆண்டுகள். சொசைட்டி தீவுகள் அனைத்திலும் சேர்த்து ஏறத்தாழ 60 இனங்கள் இருந்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை இன்று காட்டில் இல்லை. மாலை கோத்த பெண்டிர்க்கும் ஓடுகள் கிடைக்கவில்லை.

இவ்விடத்தில் நம் மனத்தை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. கிராம்ப்டன் பல்லாயிரம் நத்தைகளைக் கொன்றே ஆராய்ந்தார். நம் நெறியில் நின்று பார்த்தால் அது சங்கற்ப இம்சை. அதற்குச் சமாதானம் கூற நாம் முற்படவில்லை. ஆயினும் அவர் சென்ற பின்னும் பள்ளத்தாக்குகள் நத்தைகளால் நிறைந்தே இருந்தன. மூரேயாவில் ஓநாய் நத்தையை விட்டவரோ ஒரு மரநத்தையையும் தம் கையால் கொன்றாரில்லை. பெட்டியைத் திறந்தார், சென்றுவிட்டார். கொன்றவர் கையில் எஞ்சிய உயிரினம், விட்டவர் கையில் எஞ்சவில்லை. இம்சையைக் கையின் செயலாக மட்டும் அளப்போமாயின் இக்கணக்கு நமக்கு விளங்கவே விளங்காது.

நம் முன்னோர் அவ்வாறு அளக்கவில்லை. தான் செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் என்னும் மூன்றையும் வினையாகவே எண்ணினர். பெட்டியைத் திறந்தவர் செய்வித்தார் எனலாமா? ஆப்பிரிக்க நத்தையைக் கொல்ல ஓநாய் நத்தையை ஏவினார் என்ற அளவில் ஆம். ஆனால் மரநத்தையைக் கொல்ல அவர் ஏவவில்லையே, அது அவர் கருத்திலேயே இல்லையே என்று கேட்கலாம். தத்துவார்த்த சூத்திரம் செய்த உமாஸ்வாதி, இம்சைக்கு இலக்கணம் கூறுங்கால் கருத்து ஒன்றையே கொள்ளவில்லை, பிரமாதத்தைக் கொண்டார். பிரமாதம் என்பது விழிப்பின்மை, சோர்வு. விழிப்போடு நோக்கி நடக்கும் துறவியின் அடிக்கீழ் ஓர் உயிர் தற்செயலாக வந்து மடிந்தால் அவரைப் பாவம் பற்றாது என்றும், நோக்காமல் நடப்பவன் அடிக்கீழ் ஒன்றும் மடியாவிடினும் அவன் இம்சை செய்தவனே என்றும் பெரியோர் விளக்கியிருக்கின்றனர். இவ்வளவுகோலைக் கையில் எடுத்தால் மூரேயாவின் செய்தி தெளிவாகிறது. ஹவாயில் 1955இல் விட்ட ஓநாய் நத்தை அங்குள்ள மரநத்தைகளை உண்கிறது என்பது 1977க்கு வெகு முன்பே அறியப்பட்ட செய்தி. அறிந்துகொள்ள வழியிருந்தும் அறியாமற் செய்தல் விழிப்பின்மை அன்றி வேறென்ன?

துறவோர்க்கு வகுத்த ஐந்து சமிதிகளில் ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. ஆதான நிட்சேபண சமிதி என்பது அதன் பெயர். ஆதானம் எடுத்தல், நிட்சேபணம் வைத்தல். கமண்டலத்தை எடுக்கும்போது மயிற்பீலியால் நீவி எடுப்பதோடு நில்லாமல், வைக்கும் இடத்தையும் நோக்கி, நீவி, அதன் பின்னரே வைப்பர். எடுப்பதில் காட்டும் கருணையை வைப்பதிலும் காட்ட வேண்டும் என்று இவ்வளவு நுட்பமாக வேறெங்கும் நாம் படித்ததில்லை. இல்லறத்தாராகிய நாம் எடுப்பதை மட்டும் கற்றுக்கொண்டோமோ எனத் தோன்றுகிறது. பூரானை ஏந்தும் காகிதம் நமக்கு ஆதானம்; வேலிக்கு அப்பாலுள்ள இடத்தை நோக்குவது எங்கே போயிற்று? கொசுவை ஒழிக்கவெனக் குளங்களில் விட்ட வெளிநாட்டு மீன் நம் நாட்டுத் தவளைக் குஞ்சுகளையும் சிறு மீன்களையும் உண்கிறது. கண்ணாடித் தொட்டியில் வளர்த்த ஆமையைச் சலித்துப்போனதும் ‘பாவம், பிழைக்கட்டும்’ என்று கோவிற் குளத்தில் விடுவோரும் உளர்.

நம் உறவினருள் ஒரு பெரியவர், வந்தவாசிப் பக்கத்தவர், இதனை நாம் எடுத்துரைத்தபோது மறுத்தார். “டீச்சரம்மா, பாம்பு தவளையை விழுங்குகிறது; பருந்து எலியைத் தூக்குகிறது. அதையெல்லாம் தடுக்கிறோமா? நத்தையை நத்தை தின்றால் அது அவற்றின் வினை. மேலும் உயிருக்கு உயிர் உண்டே தவிர இனத்துக்கு உயிர் ஏது? மூரேயா நத்தை அழிந்தாலும் அந்த ஜீவன் வேறு பிறவி எடுத்துப் போகாதா?” என்றார். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று இது. இனம் என்பதற்குத் தனியே ஆன்மா இல்லை என்பது உண்மையே. பாம்பும் தவளையும் பற்றி அவர் சொன்னதிலும் குற்றமில்லை. அவை தாமே ஓரிடத்தில் கூடி வாழ்பவை, அவற்றினிடையே நாம் புகுந்தோமில்லை. புளோரிடாவின் நத்தை பசிபிக் கடலைத் தானே நீந்திச் சென்றதா? கப்பலேற்றியது மனிதனின் கை. அந்நத்தையின்மேல் குற்றமே இல்லை; அது தன் நாவறிந்ததைச் செய்தது. அதனை வில்லனாக்கி எழுதும் பத்திரிகைகளின் போக்கு நமக்கு உடன்பாடன்று.

பிறவி பற்றிய வினாவுக்கு, பண்டிதர் அல்லாத நாம் நமக்குத் தோன்றியதையே சொல்கிறோம். 84 இலட்சம் யோனிகள் என்று கூறும் நம் நூல்கள், அவற்றுள் 2 இலட்சத்தை ஈரறிவுயிர்க்கு ஒதுக்குகின்றன. பிறவிக்கு வாயில்கள் அத்தனை. ஓர் இனம் முற்றும் அழியும்போது ஒரு வாயில் அடைபடுகிறது என்று கொண்டால் என்ன? மனிதச் செயலால் யோனி அடைபடாது எனச் சாத்திரம் கற்றோர் மறுக்கலாம்; மறுத்து எழுதுவாராயின் மகிழ்ந்து படிப்போம். அதனை விட்டுவிட்டாலும், உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாவன என்னும் கோட்பாடு இருக்கிறது. மரநத்தை இலைமேற் படிந்த பாசியையும் பூஞ்சையையும் மேய்ந்தது. மட்கிய இலையை மண்ணாக்க உதவியது. மரம் அதற்கு நிழலும் ஈரமும் தந்தது. ஒரு நத்தையைக் கொல்லும்போது ஓர் உயிர்க்கு ஊறு செய்கிறோம். இனத்தை அழிக்கும்போது இந்தத் துணைமையையே அறுக்கிறோம். இரண்டும் ஒன்று என்று நம்மால் எண்ண முடியவில்லை.

அழிவின் கடைசிப் படி எப்படியிருக்கும் என்பதை இரண்டு நத்தைகள் காட்டின. ராயாத்தேயாத் தீவின் பார்ட்டுலா டர்ஜிடா என்னும் இனத்தின் இறுதி உயிர், இலண்டன் விலங்குக்காட்சிசாலையில் 1996 ஜனவரியில் மடிந்தது. ஒட்டுண்ணி நோய் காரணம். ஹவாயின் ஓவாகுத் தீவைச் சேர்ந்த அக்காட்டினெல்லா அபெக்சுஃபுல்வா என்னும் மரநத்தை இனத்தின் வரலாறு இன்னும் நெடியது. 1780களில் டிக்சன் என்னும் கப்பல் தலைவர்க்குத் தீவினர் சூட்டிய மாலையில் கோத்திருந்த ஓடுதான், ஹவாயின் நிலநத்தைகளுள் வெளியுலகம் முதன்முதலில் பெயரிட்டு அறிந்தது. 1997இல் எஞ்சிய சிலவற்றைக் காட்டினின்று எடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்தனர். அவற்றின் வழிவந்த ஒன்றே ஒன்று பல ஆண்டுகள் தனித்து வாழ்ந்தது. ஜார்ஜ் என்று பெயரிட்டனர். நத்தைக்கு ஆணும் பெண்ணும் ஓருடலிலேயே இருக்க, ஆண் பெயர் ஏன் என்று நாம் கேட்கலாம், போகட்டும். 2019ஆம் ஆண்டின் முதல் நாளன்று, ஏறத்தாழ 14 அகவையில், அது மடிந்தது. அந்த அக்காட்டினெல்லாப் பேரினத்தின் 41 இனங்களையும் அழியும் நிலையில் உள்ளவை என்று 1981இலேயே அமெரிக்க அரசு அறிவித்திருந்தது.

காக்க முற்பட்டோரும் உளர். மூரேயாவிலும் தாகித்தியிலும் எஞ்சிய நத்தைகளைச் சிறு பெட்டிகளில் எடுத்துச் சென்று, இலண்டன், எடின்பரோ முதலிய நகரங்களின் காட்சிசாலைகளில் தலைமுறை தலைமுறையாக வளர்த்தனர். கட்டைவிரல் அளவுகூட இல்லாத உயிருக்கு நாள்தோறும் உணவு பிசைந்து பூசி, பெட்டி துடைத்து, குட்டியை எண்ணிக் குறித்து, நாற்பது ஆண்டுகளுக்கு அருகில்! 2015 முதல் அவற்றை மீண்டும் தம் தீவுகளிலேயே விட்டு வருகின்றனர். விடுமுன் ஒவ்வொன்றின் ஓட்டிலும் வண்ணத்தால் ஒரு பொட்டு வைக்கின்றனர். பொட்டில்லாத நத்தை தென்பட்டால் அது காட்டில் பிறந்தது என அறியலாம். 2024இல் மூரேயாவில் பார்ட்டுலா தோகிவியானா இனத்தின் வளர்ந்த நத்தைகள் சில பொட்டின்றித் தென்பட்டன. காட்டில் அற்றுப்போனது என்னும் பட்டியலினின்று அவ்வினம் அதன் பின் நீக்கப்பெற்றது. ஓநாய் நத்தையும், அதனோடு பின்னர் வந்து சேர்ந்த நத்தையுண்ணும் தட்டைப்புழுவும் அத்தீவுகளை விட்டு முற்றும் அகன்றுவிடவில்லை.

இதனினும் வியப்பான செய்தி, தாகித்தியில் எவர் உதவியுமின்றித் தப்பிய பார்ட்டுலா ஹயலினா என்னும் வெண்ணிற நத்தையினுடையது. அது காட்டின் விளிம்பில், வெயில் படும் இலைகளில் வாழ்வது. ஓநாய் நத்தையின் கரிய உடல் அவ்வெயிலைத் தாங்காது. வெள்ளை ஓடு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தார், மணியினும் சிறிய கணிப்பொறியை ஓநாய் நத்தையின் ஓட்டில் ஒட்டி, இரண்டும் பெறும் வெயிலை அளந்து, 2021இல் இதனை வெளியிட்டனர். அந்நத்தையைக் காத்தது விளிம்பிலிருந்த சில செடிகளும் அவற்றின்மேல் விழுந்த வெயிலும். இடம் என்று நாம் கூறுவதன் பொருள் இத்துணை நுட்பமானது.

இனிக் கடினமான வினாவுக்கு வருவோம். ஹவாயில் எஞ்சிய மரநத்தைகளைச் சுற்றி வேலி எழுப்புகின்றனர். ஏறிவரும் ஓநாய் நத்தை வழுக்கி விழும்படி சாய்ந்த தகடும், செப்பு வலையும், மெல்லிய மின்கம்பியும் அமைக்கின்றனர். வேலிக்குள் முன்பே இருக்கும் ஓநாய் நத்தைகளையும் எலிகளையும் தேடி எடுத்துக் கொல்கின்றனர். ஓர் உயிரைக் காக்க மற்றோர் உயிரைக் கொல்லுதல் தகுமா? இல்லறத்தார்க்கு விலக்க இயலாதவை என ஆரம்ப இம்சை, உத்தியோக இம்சை, விரோத இம்சை ஆகியவற்றை நம் நூல்கள் வேறுபடுத்திக் காட்டும். இதனை விரோத இம்சை, அதாவது தற்காப்பில் நேர்வது, என்று ஒருவர் கூறக்கூடும். நமக்கு அது பொருத்தமாகப் படவில்லை. ஓநாய் நத்தை படையெடுத்து வரவில்லை, அழைத்து வரப்பட்டது. வேலி நன்று, அது எவரையும் கொல்லாமல் பிரித்து வைக்கிறது. கொலையோ கொலையே, நற்பயன் கருதிச் செய்தாலும் அதனை அறமெனப் பெயர் மாற்றலாகாது. அதே வேளையில், மலைமேல் மழையில் நின்று அத்தொழிலைச் செய்வோரை நம் திண்ணையில் இருந்துகொண்டு இகழ்வதும் முறையன்று. கொல்வதா, அழிய விடுவதா என்னும் இரண்டே வழிகளில் அவர்களை நிறுத்தியது எழுபது ஆண்டுகளுக்கு முன் திறந்த பெட்டி. எந்த வழியில் சென்றாலும் பழி அந்தப் பெட்டியையே போய்ச் சேர்கிறது. அவர்கள் இடத்தில் நாம் இருந்தால் வேலி கட்டுவோம். கொல்லும் வேலைக்குக் கை எழாது. அதனால் நத்தை சில அழியுமாயின் அப்பழியும் நமக்கு உண்டு. அதற்கு மேல் இதில் நம்மால் தெளிவு காண இயலவில்லை.

தொலைதூரத் தீவுகளின் செய்தி என்று வாசகர்கள் எண்ண வேண்டா. நமக்கு அண்மையிலுள்ள இலங்கையின் தென்மேற்கு ஈரக் காடுகளில் அக்காவசு என்னும் அழகிய மரநத்தைகள் மூன்று இனங்கள் உள்ளன. உலகில் வேறெங்கும் இல்லை. அவற்றின் உறவினம் மடகாசுகர்த் தீவில் வாழ்கிறது; நிலப்பரப்புகள் ஒன்றாயிருந்த காலத்து எச்சம் என்பர். தேயிலைக்கும் இரப்பருக்கும் காடு வெட்டியபின் எஞ்சிய சிங்கராசா போன்ற காடுகளே அவற்றின் பெரும்புகலிடம். சிங்கராசாவிலும் 1970களில் ஒட்டுப்பலகைக்காக மரம் வெட்டினர். மக்கள் எதிர்ப்பால் அது நின்றது. 1988இல் உலக மரபுச் சின்னமாயிற்று. அந்த நத்தைகளுக்கு ஒருவரும் விடம் வைக்கவில்லை. மரம் போனால் போதும்.

நாம் வாழும் கடத்தூர் வறண்ட நிலத்தது. ஆயினும் ஐப்பசி மழைக்குப் பின் தோட்டங்களில் ஆப்பிரிக்கப் பெருநத்தை தலைகாட்டுகிறது. எவரோ வாங்கிய தொட்டிச் செடியோடு வந்திருக்கும். பப்பாளி, வாழைக்கன்று, கீரைப்பாத்தி எதனையும் விடுவதில்லை. அண்டை வீட்டார் கல்லுப்பைத் தூவுகின்றனர். நத்தை நுரைத்து நுரைத்துச் சாவதைக் காணப் பொறுக்காது. மயில்துத்தம் தெளிப்போரும், புகையிலைச் சாறு ஊற்றுவோரும் உண்டு. கொல்ல மனம் ஒப்பாத நம்மவர் என்ன செய்வர்? மாலையில் சாக்கை நனைத்து, அதனடியில் பப்பாளி இலையை வைத்தால் விடியலில் நத்தைகள் அங்கே கூடியிருக்கும். கையுறையோடு எடுத்து வாளியில் இடலாம். அதன் கோழையில் மனிதரின் மூளையைத் தாக்கும் புழு இருக்கக்கூடும் ஆதலின் வெறுங்கையால் தொடலாகாது. இதுவரை எளிது. வாளி நிறைந்த பின்?

பேரப்பிள்ளைகளுள் ஒருவன் நல்ல மனத்தோடு ஒரு வழி சொன்னான்: “பாட்டி, பஸ்ஸில் கொண்டுபோய்ச் சேர்வராயன் மலைக்காட்டில் விட்டுவிடலாமே, அங்கே நிறைய இலை இருக்கும்.” அவன் சொன்னதில் கருணை இருந்தது. சவுரங்கித் தோட்டத்தின் கதையை அன்றுதான் அவனுக்குச் சொன்னோம். மலைக்காட்டில் நம் நாட்டு நத்தைகள் பல, நாம் பெயரும் அறியாதவை, மட்கிய இலையினடியில் வாழ்கின்றன. ஏரிக்கரையில் விட்டாலும் அப்படியே. அடுத்தவர் கொல்லையில் விட்டால் அது அறமே அன்று. ஆகவே வாளியை எங்கும் எடுத்துச் செல்வதில்லை என்று முடிவு செய்தோம். கொல்லையின் ஒரு மூலையில், சுற்றிலும் செப்புப் பட்டை பதித்த பழைய சிமெண்டுத் தொட்டிதான் இப்போது அவற்றின் இருப்பிடம். மேலே கம்பிவலை, உள்ளே காய்கறித் தோல். முட்டையிட ஈரமண் தேடும் ஆதலின் உள்ளே மண் இடவில்லை. சிறையன்றோ இது எனின், ஆம், சிறையே. வெளியே குப்பைமேடும் உடைந்த ஓடும் அழுகிய வாழைமட்டையும் அகற்றியாயிற்று. அவை இருந்தால்தான் நத்தை தங்கும். புதிதாக வாங்கும் செடியை வேர்மண் உதிர்த்து, ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்த்த பின்னரே நடுகிறோம். பாத்திகளைச் சுற்றிச் சாம்பலும் மரத்தூளும் தூவினால் அவை தாண்ட விரும்புவதில்லை. மழை பெய்தால் மீண்டும் தூவ வேண்டும்.

தை பிறந்து மண் உலர்ந்ததும் எஞ்சியவை ஓட்டின் வாயை மெல்லிய படலத்தால் மூடிக்கொண்டு மண்ணுள் உறங்கிவிடும். அடுத்த மழைக்கு முன் வாழைப்பாத்திக்கும் செப்புப் பட்டை கட்டி முடிக்க வேண்டும்; பழைய பாத்திரக் கடையில் தகடு சொல்லி வைத்திருக்கிறோம்.